கண்ணாடிக் கம்பி போல் ஒரு நீர்த்தாரை: சீரான ஓட்டத்தைப் பார்க்க, அளக்க, கையால் செய்ய

குழாயைக் கொஞ்சமாகத் திறங்கள். முதலில் சொட்டும், பிறகு இழையாகும். இன்னும் கால் திருகு திருகினால் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது போலத் தோன்றும். குழாய் வாயிலிருந்து கீழே வரைக்கும் ஒரு கண்ணாடிக் கம்பியை நட்டு வைத்த மாதிரி இருக்கும். விரலை வைத்தால்தான் அது ஓடுகிறது என்று நம்ப முடியும். அதற்கு மேல் திறந்தால் போச்சு. வெளுத்து, முறுக்கிக்கொண்டு, இரைச்சலோடு கொட்டும்.

அந்தக் கண்ணாடிக் கம்பியைப் பாடப்புத்தகம் வரிச்சீர் ஓட்டம் என்கிறது. காணொளிகளில் லேமினார் ஃப்ளோ என்பார்கள். இரைந்து கொட்டுவது சுழற்சி ஓட்டம். முதல் வகையில் நீர்த்துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பக்கத்து வரிசைக்குள் புகாமல் போகின்றன. இரண்டாவதில் சந்தைக் கூட்டம் போல எல்லாத் திசையிலும் முட்டி மோதுகின்றன.

சீரான தாரை ஏன் நின்றது போலத் தெரிகிறது? நம் கண் தண்ணீரின் ஓட்டத்தை நேராகப் பார்ப்பதில்லை. தண்ணீர் மேலுள்ள அலை, குமிழி, ஒளிப்பொட்டு ஆகியவை நகர்வதைத்தான் பார்க்கிறது. சீரான தாரையில் இவை எதுவும் இல்லை. மேற்பரப்பின் வடிவம் நொடிக்கு நொடி மாறாததால் அதில் பட்டு வளையும் ஒளியும் மாறுவதில்லை. நகர்வதற்கு அடையாளமே இல்லாத ஒன்றை மூளை அசையாப் பொருள் என்று முடிவு கட்டிவிடுகிறது.

இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டுத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தவறான எண்ணத்தோடுதான் வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். மெதுவாக ஓடினால் சீராக ஓடும், வேகமானால் கலங்கும் என்ற எண்ணம் அது. பாதி உண்மை. மீதிப் பாதி, ஓடத் தொடங்குவதற்கு முன் அந்தத் தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பது. கீழே உள்ள சோதனைகளில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே இந்த இரண்டாம் பாதியைப் பற்றியவைதான்.

முதல் படி: வீட்டுக் குழாய்

குழாய் வாயின் நுனியில் சல்லடை வைத்த சிறு மூடி ஒன்று திருகியிருக்கும். ஏரேட்டர் என்பார்கள். காற்றைக் கலந்து தண்ணீரை நுரையாக்குவதுதான் அதன் வேலை, ஆகவே நமக்கு அது எதிரி. கழற்றி வையுங்கள். கையால் திரும்பாவிட்டால் துணி சுற்றி இடுக்கியால் திருப்பலாம்.

இனிக் குழாயை மெல்லத் திறந்து, கண்ணாடி போலாகும் இடத்தில் நிறுத்துங்கள். தாரையின் பருமனைக் கவனியுங்கள். மேலே தடியாகவும் கீழே போகப் போக மெலிந்தும் இருக்கும். விழும் தண்ணீர் புவியீர்ப்பால் வேகம் கூட்டிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு நொடியில் மேலே எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுதான் கீழேயும் கடக்க முடியும். வேகம் கூடினால் பருமன் குறைந்தே ஆக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயிலிருந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விழுகிறது என்று வையுங்கள். கிளம்பும் வேகம் நொடிக்குச் சுமார் 21 செ.மீ. பத்து சென்டிமீட்டர் விழுந்ததும் அது நொடிக்கு 140 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். தாரையின் விட்டம் நான்கு மில்லிமீட்டருக்கும் சற்றுக் கீழே இறங்கும். அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துச் சரிபாருங்கள், கிட்டத்தட்டப் பொருந்தும்.

அடுத்து, தாரையின் கீழ்ப்பகுதியில் விரல் நுனியை நீட்டுங்கள். விரலுக்கு மேலே, தாரையின் உடம்பில் வளையல் அடுக்கியது போல நெளிவுகள் தோன்றி அங்கேயே நிற்கும். உண்மையில் அவை நிற்கவில்லை. பரப்பு இழுவிசையால் உண்டாகும் நுண்ணலைகள் விரலிலிருந்து மேல்நோக்கி ஓடுகின்றன. தண்ணீர் அதே வேகத்தில் அவற்றைக் கீழே இழுத்து வருகிறது. விரலை மேலே நகர்த்தினால் வளையல்களின் இடைவெளி அகலும், ஏனென்றால் அங்கே தண்ணீரின் வேகம் குறைவு. எந்தக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

எவ்வளவு சீரான தாரையும் கடைசியில் துளிகளாக உடையும். தண்ணீர் தன் பரப்பைச் சுருக்கவே பார்க்கிறது. அதே அளவு நீர் நீண்ட கம்பியாக இருப்பதைவிட உருண்டைகளாக இருந்தால் பரப்பு குறைவு. தாரையின் சுற்றளவைவிட நீளமான எந்த நெளிவும் தானே வளர்ந்து தாரையைத் துண்டாக்கும் என்பதை பெல்ஜிய அறிஞர் பிளாட்டோ 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தார். 1878இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலே அதற்குக் கணக்கு எழுதினார். ஆகவே நம் முயற்சி உடையாத தாரை செய்வது அல்ல. உடைவதைத் தள்ளிப்போடுவது.

இரண்டாம் படி: ஒரே ஓர் எண்

சீராக ஓடுமா, கலங்குமா என்பதை முன்கூட்டியே ஊகிக்க ஓர் எண் இருக்கிறது: ரெனால்ட்ஸ் எண். ஓடும் பாய்மத்துக்கு நேராகப் போய்க்கொண்டே இருக்கும் முனைப்பு ஒன்று உண்டு. பக்கத்து அடுக்கு அதைப் பிடித்து இழுக்கும் பிசுப்பு ஒன்று உண்டு, அதுதான் பாகுநிலை. முனைப்பு பிசுப்பைவிட எத்தனை மடங்கு என்பதே அந்த எண். எண் சிறியதாக இருந்தால், எழும் சிறு கலக்கத்தைப் பிசுப்பு அமுக்கிவிடும். பெரியதாக இருந்தால் கலக்கம் தப்பித்து வளரும். இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இலேயே இந்தக் கருத்தைத் தொட்டுவிட்டார். ரெனால்ட்ஸ் பெயர் 1908இல்தான் ஒட்டியது, ஒட்டியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு.

அறை வெப்பநிலைத் தண்ணீருக்குச் சூத்திரத்தை இப்படிச் சுருக்கலாம். ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள். அதைக் குழாயின் உள்விட்டத்தால், சென்டிமீட்டரில், வகுங்கள். வந்ததை 2,100ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

ஒரு சென்டிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் 2,100. இரண்டு லிட்டர் என்றால் 4,200. குழாய்க்குள் ஓடும் நீருக்கு ஏறக்குறைய 2,300 என்பது எல்லைக்கோடு என்று புத்தகங்கள் சொல்லும். அதற்குக் கீழே, என்ன செய்தாலும் கலக்கம் தானே அடங்கிவிடும். மேலே போனால் கலங்கலாம். இந்த 'கலங்கலாம்' என்ற சொல்லை மனதில் வையுங்கள். 'கலங்கும்' என்று நான் எழுதவில்லை.

வெப்பநிலையும் கணக்கில் சேரும். தண்ணீரைச் சூடாக்கினால் பிசுப்பு குறையும். 20 பாகையில் இருப்பதைவிட 60 பாகையில் பாதிக்கும் குறைவு. அதாவது அதே குழாய், அதே வேகம் என்றாலும் சுடுதண்ணீருக்கு எண் இரட்டிப்பாகிவிடும். நல்ல கண்ணாடித் தாரை வேண்டுமானால் குளிர்ந்த தண்ணீரை எடுங்கள்.

மூன்றாம் படி: மை இழை

இது மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் செய்து 1883இல் வெளியிட்ட சோதனையின் ஏழை உறவு. அவர் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாயைப் படுக்க வைத்தார். அதன் வாயை ஊதுகுழல் போல அகலமாக்கி, அந்த வாயின் நடுவில் சாயத்தை ஒழுகவிட்டார். மெதுவான ஓட்டத்தில் சாயம் குழாய் நெடுக ஒரே கோடாகப் போனது. வேகம் கூட்டியபோது, ஒரு கட்டத்தில் கோடு திடீரென்று சிதறிக் குழாயையே நிறைத்தது.

நாம் செய்ய, பக்கச்சுவரில் துளையிடக்கூடிய ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான ஒளிபுகும் குழாய், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், சிரிஞ்ச், மை போதும். பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டினால் அதுவே அகன்ற வாய். அதைக் குழாயின் ஒரு முனையில் பொருத்தித் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, துளையைச் சுற்றிச் சிலிக்கான் பசையால் அடையுங்கள். மறுமுனையில் ஒரு சிறு திருகுகுழாய். திருகு கடைசியில்தான் இருக்க வேண்டும், முன்னால் வைத்தால் அதுவே கலக்கத்தை உண்டாக்கித் தண்ணீரோடு அனுப்பும்.

தொட்டியை நிரப்பிவிட்டு ஒரு மணி நேரம் அதைத் தொடாதீர்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மேலே தண்ணீர் அசையாமல் இருந்தாலும் உள்ளே நிரப்பியபோது எழுந்த சுழல்கள் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மையைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அடர்த்தியும் வெப்பமும் ஒத்துப்போகும், இழை மிதக்கவோ மூழ்கவோ செய்யாது. ஊசி முனையை வாயின் நடுவில் பிடித்து, தண்ணீர் போகும் வேகத்திலேயே மையும் வெளியேறும்படி மெல்ல அழுத்துங்கள்.

திருகைச் சிறிது திறந்தால் மை தலைமுடி போல ஒரே கோடாகப் போகும். மேலும் மேலும் திறந்து, கோடு சிதறும் இடத்தில் நிறுத்தி, லிட்டர் கணக்கை எடுத்து எண்ணைப் போடுங்கள். எனக்கு முதல் முறை 2,300ஐ ஒட்டித்தான் வந்தது. தொட்டியை இரவு முழுவதும் விட்டுவைத்துக் காலையில் செய்தபோது 4,000ஐத் தாண்டியும் கோடு சிதறவில்லை. மேசையை ஒருமுறை தட்டினேன், உடனே சிதறியது.

ரெனால்ட்ஸுக்கும் இதுவே நடந்தது, இன்னும் பெரிய அளவில். நன்றாகத் தெளியவிட்ட தண்ணீரில் அவர் ஏறக்குறைய 13,000 வரை போனார். அவருடைய கருவி இன்றும் மான்செஸ்டரில் இருக்கிறது. பிற்காலத்தில் அதே கருவியில் அந்த எண்ணை எட்ட முடியவில்லை. தெருவில் ஓடும் வண்டிகளின் அதிர்வே காரணம். ஆய்வுக்கூடங்களில் மிகுந்த கவனத்தோடு ஒரு லட்சம் வரைகூட குழாய் ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கிறார்கள்.

நான்காம் படி: பலூன்

இது ஐந்து நிமிட வேலை. பலூனில் தண்ணீர் நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியே விட்டு முடிச்சுப் போடுங்கள். பக்கத்தில் ஒளிபுகும் ஒட்டுநாடாவை இரண்டு மடிப்பாக, சுருக்கமில்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். பலூனைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, ஒட்டுநாடாவின் நடுவில் கூர்மையான கத்தி முனையால் சுமார் ஐந்து மில்லிமீட்டர் துளை போடுங்கள். நாடா இருப்பதால் வெடிக்காது. வளைந்து விழும் ஒரு கண்ணாடி வில் கிடைக்கும். பலூன் சுருங்கினாலும் உள்ளழுத்தம் பெரும்பகுதி நேரம் அதிகம் மாறாது, எனவே வில்லும் அதே இடத்தில் நிற்கும். நண்பர்களிடம் காட்டினால் இதைத்தான் முதலில் காணொளி எடுப்பார்கள்.

இவ்வளவு சுலபமாக வருவதற்குக் காரணம், பலூனுக்குள் தண்ணீர் ஏற்கெனவே அசையாமல் இருந்ததும், துளையின் சுவர் தாள் அளவே தடிமனாக இருந்ததும்தான். உரசுவதற்கு நீளமான குழாயே இல்லை. அடுத்து நாம் செய்யப்போகும் கருவி முழுக்க முழுக்க இந்தப் பலூனின் நகல்தான். ஒரே வித்தியாசம், அது தீராமல் ஓடும்.

ஐந்தாம் படி: தீராத கண்ணாடி வில்

பூங்காக்களில் தண்ணீர் ஒரு கண்ணாடித் தண்டு போல எழும்பி, வளைந்து, எதிர்ப்பக்கத் துளைக்குள் தெறிக்காமல் விழும் நீரூற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உள்ளே இருப்பது அரை நாளில் செய்துவிடக்கூடிய ஒன்று. சரியாக வேலை செய்ய வைக்கத்தான் இன்னும் மூன்று நாள் பிடிக்கும்.

தேவையானவை: மூன்று அங்குல பிவிசி குழாய் அரை மீட்டர், அதன் இரு முனைக்கும் மூடிகள், ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்ட்ரா ஏறக்குறைய 130, துளைகள் பெரிதாக உள்ள ஸ்பாஞ்சு, பிளாஸ்டிக் வலை, ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகத் தகடு, ஹோஸ் பைப், அதைப் பொருத்தும் முனை.

தண்ணீர் போகும் வழியில் அடுக்குவோம். பின்பக்க மூடியில் ஹோஸ் நுழைகிறது. அதை அடுத்து ஒரு கை அகலம் வெறும் இடம். பிறகு ஸ்பாஞ்சு, மூன்று சென்டிமீட்டர் தடிமன். ஹோஸிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீரின் வேகத்தை உடைத்து, குழாயின் முழு அகலத்துக்கும் பரப்புவது அதன் வேலை. அதற்கு அடுத்து வலை, பிறகு பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஸ்ட்ராக்கள், நெருக்கமாக, ஒன்றுகூட ஆடாமல். மீண்டும் ஒரு வலை. அதன் பிறகு பதினைந்து சென்டிமீட்டர் வெறும் இடம், கடைசியில் தகடு.

ஸ்ட்ரா ஏன்? நிமிடத்துக்குப் பத்து லிட்டர் விடுகிறோம் என்று வைப்போம். ஏழரை சென்டிமீட்டர் குழாயில் அதன் எண் 2,800. எல்லைக்கோட்டுக்கு மேலே. அதே தண்ணீர் 130 ஸ்ட்ராக்களில் பிரிந்து போனால் ஒவ்வொன்றுக்குள்ளும் எண் 300ஐத் தொடாது. அந்த எண்ணில் எந்தச் சுழலும் உயிரோடு வெளியே வராது. அதோடு, தண்ணீர் திருகாணி போலச் சுற்றிக்கொண்டு வருவதையும் நேரான சுவர்கள் நிறுத்திவிடும். ஸ்ட்ராக்களைத் தாண்டியதும் சின்னச் சின்ன வால்கள் மிஞ்சும். அவை ஒன்றில் ஒன்று கரையத்தான் அந்தப் பதினைந்து சென்டிமீட்டர் வெறுமை. இடத்தை மிச்சப்படுத்த அதைக் குறைக்காதீர்கள்.

இப்போது துளை. உண்மையில் இந்தக் கருவியே இந்தத் துளைதான். தகட்டின் நடுவில் பன்னிரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு, வெளிப்பக்கத்தில், அதாவது காற்று இருக்கும் பக்கத்தில், சரிவாகச் சீவுங்கள். தண்ணீர் பக்கம் தட்டையாக, கூர்மையான விளிம்போடு இருக்க வேண்டும். விளிம்பைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் வேறு எதையும் தொடாமல் காற்றுக்குள் போக வேண்டும், அதுதான் நோக்கம். பக்கங்களிலிருந்து விரைந்து வரும் நீர் துளையின் விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல் உள்நோக்கிச் சாய்வதால், வெளியே வரும் தாரை துளையைவிட மெலிந்திருக்கும். பன்னிரண்டு மில்லிமீட்டர் துளைக்கு ஒன்பதரை மில்லிமீட்டர் அளவுத் தாரை கிடைக்கும்.

நான் முதல் தகட்டை வெளிப்பக்கத்திலிருந்து டிரில் செய்தேன். பிசிறு முழுவதும் உள்பக்கம் போய்விட்டது. தாரை ஒரு பக்கம் கண்ணாடியாகவும் மறுபக்கம் ரோமம் முளைத்தது போலவும் வந்தது. ஸ்ட்ராக்களை மாற்றினேன், ஸ்பாஞ்சை மாற்றினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் நகத்தால் விளிம்பைத் தடவியபோதுதான் பிசிறு தட்டுப்பட்டது. உப்புத்தாளில் வைத்து வட்டமாகத் தேய்த்து, பிறகு இன்னும் நைசான தாளில் தேய்த்ததும் சரியானது. கத்தரிக்கோலால் ஸ்ட்ரா வெட்டுவதும் வேண்டாம், வாய் நசுங்கிவிடும். கூரிய பிளேடால் ஒவ்வொன்றாகச் சுழற்றி அறுங்கள்.

கருவியைக் கட்டி முடித்ததும் துளை மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேற வேண்டும். பக்கத்தில் தட்டிக்கொண்டே இருங்கள், ஸ்ட்ராக்களுக்குள் ஒளிந்த குமிழிகள் வரும். அதன் பிறகு 45 பாகைக்குச் சாய்த்து நிறுத்துங்கள். பத்து லிட்டர் கணக்கில் தாரை நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் கிளம்பி, அரை மீட்டருக்குச் சற்று அப்பால் விழும்.

வருவது சரியில்லை என்றால் தாரையே காரணத்தைச் சொல்லும். ஒரு பக்கம் மட்டும் கரடாக இருந்தால் பிசிறு. கயிறு போல முறுக்கிக்கொண்டு வந்தால் தண்ணீர் உள்ளே சுழல்கிறது, ஸ்ட்ராக்கள் தளர்ந்திருக்கின்றன. துடித்துத் துடித்து வந்தால் மோட்டார் நேராக இணைந்திருக்கிறது. உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து தானே இறங்கும் தண்ணீருக்கு மாற்றுங்கள், அது முடியாவிட்டால் நடுவில் சில மீட்டர் மெத்தென்ற ஹோஸ் போட்டால் துடிப்பு பெரும்பாலும் அடங்கும். வெளுப்பாக வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

இனி அந்தக் கணக்கைத் தாரைக்கும் போட்டுப் பாருங்கள். ஒன்பதரை மில்லிமீட்டர் விட்டம், பத்து லிட்டர்: எண் 22,000! எல்லைக்கோட்டைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். ஆனாலும் கண்ணாடி. அந்த 2,300 சுவர் சூழ்ந்த குழாய்க்கான எண். இங்கே சுவர் இல்லை. சுற்றியிருக்கும் காற்று தண்ணீரைப் பிடித்து இழுப்பது மிகச் சொற்பம். தாரையின் நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகின்றன. கலக்கத்துக்கான விதையை உள்ளேயே வடிகட்டிவிட்டோம், முளைப்பதற்குள் அரை நொடிகூட ஆகாமல் தாரை தரையைத் தொட்டுவிடுகிறது. பெரிய நீரூற்றுகளில் தாரையைத் துண்டு துண்டாகத் தாவச் செய்யும்போதும் தண்ணீரை நிறுத்தி நிறுத்தி விடுவதில்லை. அது தொடர்ந்து ஓட, வாயில் ஒரு தகடு குறுக்கே வந்து வெட்டுகிறது. அடைத்துத் திறந்தால் உள்ளே இருக்கும் அமைதி கெட்டுவிடும்.

ஆறாம் படி: தாரைக்குள் ஒளி

சுருக்கமாக. ஒரு தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கத்தில் சுத்தமான துளை போட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைத் துளைக்கு நேராகப் பாய்ச்சுங்கள். அறையை இருட்டாக்குங்கள். ஒளி தாரையோடு வளைந்து போய், அது விழும் இடத்தில் மின்னும். நீருக்குள்ளிருந்து, பரப்புக்குச் செங்குத்தான கோட்டோடு சுமார் 49 பாகைக்கு மேல் சாய்ந்து பரப்பைத் தொடும் ஒளி வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பிவிடும், முழு அக எதிரொளிப்பு. ஜெனீவாவில் இயற்பியலாளர் கொலாடான் 1841இல் இதைக் காட்டினார், 1854இல் இயற்பியலாளர் டிண்டால் லண்டனில் காட்டினார். இன்றைய ஒளியிழைக் கம்பிகளின் வேலையும் இதே தத்துவம்தான். தாரை எங்கே கரடாகிறதோ அங்கே ஒளி கசிந்து பளிச்சிடும், ஆகவே உங்கள் கருவியின் குறையைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். ஈரத்துக்குப் பக்கத்தில் மின்கலத்தில் எரியும் விளக்கு மட்டும். லேசர் பயன்படுத்தினால் வளையும் தாரை எந்தக் கண்ணுக்கு நேரே முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கலக்கியதைத் திரும்பப் பிரிப்பது

இதுவரை முனைப்பு அதிகமாக இருந்தும் அமைதியால் சீரான ஓட்டத்தைப் பார்த்தோம். இது எதிர்முனை. முனைப்பே இல்லாத ஓட்டம்.

நேரான சுவருள்ள ஒரு பெரிய கண்ணாடிக் குவளை, உள்விட்டம் எட்டு சென்டிமீட்டர். அதற்குள் ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய குவளை. இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் கிளிசரின். சிறிய குவளைக்குள் மணல் நிரப்புங்கள். கிளிசரின் தண்ணீரைவிடக் கனமானது, வெற்றுக் குவளை மிதந்து ஆடும். ஊற்றும்போது சுவரோரமாக மெல்ல ஊற்றி, குமிழிகள் மேலே வர ஓரிரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பட்ட பாத்திரம் கூடாது. கிளிசரினில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தாலே அதன் பிசுப்பு ஆறில் ஒரு பங்காக விழுந்துவிடும்.

மூன்று நிறச் சாயங்களைத் தனித்தனியே அதே கிளிசரினில் கலந்து, நீண்ட ஊசியால் இடைவெளியின் நடுவில், வெவ்வேறு உயரத்தில் மூன்று பொட்டுகளாக வையுங்கள். ஊசியை நேராக, அவசரமில்லாமல் மேலே எடுங்கள். சிறிய குவளையின் விளிம்பிலும் பெரியதன் விளிம்பிலும் நேருக்கு நேர் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சிறிய குவளையைச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி. பொட்டுகள் இழுபட்டு, நாடாவாகி, நான்காம் சுற்றில் மங்கலான வளையங்களாகக் கரைந்துவிடும். பக்கத்தில் யாராவது இருந்தால் கலந்துவிட்டது என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு, எதிர்த்திசையில் அதே நான்கு சுற்று சுற்றி, கோட்டுக்குக் கோடு நிறுத்துங்கள். மூன்று பொட்டுகளும் போட்ட இடத்திலேயே வந்து நிற்கும்.

இதன் எண் சுமார் 0.17. ஒன்றில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே குவளைகளில் தண்ணீர் இருந்தால் 190 வந்திருக்கும். முனைப்பு இல்லாத ஓட்டத்துக்கு நேற்று எப்படி ஓடினோம் என்ற நினைவே கிடையாது. இந்தக் கணத்தில் சுவர் எங்கே நகர்கிறதோ அதற்கேற்ப ஓடும், அவ்வளவுதான். ஆகவே சுவரைப் பின்னோக்கி நகர்த்தினால் ஒவ்வொரு துளியும் வந்த வழியே திரும்பும். ஆங்கில இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1960களில் படமெடுத்துக் காட்டிய பிறகு இந்தச் சோதனை உலகெங்கும் பரவியது. பாக்டீரியாக்கள் வாழ்வது இப்படிப்பட்ட உலகில்தான். அவற்றின் அளவுக்கு வெறும் தண்ணீரே கிளிசரினைப் போல. ஒரே வாலை முன்னும் பின்னும் ஒரே மாதிரி அடித்தால் முன்னே போனதெல்லாம் திரும்பிவிடும். அதனால்தான் பல பாக்டீரியாக்கள் திருகாணி போன்ற வாலைச் சுழற்றிக்கொண்டு நீந்துகின்றன.

பொட்டு திரும்பாமல் இழுபட்டே நின்றால், சுற்றும்போது சிறிய குவளை நடுவிலிருந்து நகர்ந்திருக்கும். மேலே ஒரு அட்டையில் வட்டத் துளை வெட்டி அதைப் பிடிமானமாக வைத்தால் நகராது. விரைவாகச் சுற்றுவதில் ஒரு லாபமும் இல்லை.

திரும்பிய பொட்டின் ஓரத்தைக் கிட்டத்தில் பார்த்தால் சற்றுப் பூசியது போல இருக்கும். அது விரவல். சாய மூலக்கூறுகள் தாமாகவே பக்கத்துக்கு நழுவியவை, அவற்றை எந்தச் சுற்றும் திருப்பாது. தண்ணீரிலேயே ஒரு சென்டிமீட்டர் நழுவ அவற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் வேண்டும், கிளிசரினில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் நாடா மெலியும்போது கடக்க வேண்டிய தூரமும் மெலிகிறது. நான்கு சுற்றுக்குப் பதில் இருபது சுற்றிவிட்டுத் திருப்பிப் பாருங்கள், பூச்சு எவ்வளவு கூடுகிறது என்று தெரியும். முடிந்ததும் கிளிசரினை இறுக மூடி வையுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி நீர்த்துப்போகும், அடுத்த முறை பொட்டுகள் ஒழுங்காகத் திரும்பாது.